கொற்றனின் மூன்றாவது வேலை

விடிந்து இரண்டு நாழிகை. போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்கள் நானூறு பேர். வேறு வேலை கிடைக்காமல் மிஞ்சியவன் ஒருவன், கொற்றன்.

படை அதிகாரி இளந்தேவர் அவனைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். குகையில் இருந்த சமணப் பெண்துறவி கந்தியாரிடம் முறையிட்டார்.

"தாயே, நாளை அமாவாசை. அதற்குள் இடம் கிடைக்காதவனை எல்லைக்கு வெளியே விரட்டச் சொல்லி அரச ஆணை. இவனை எங்கே சேர்ப்பேன்?"

"மற்றவர்களை எப்படிச் சேர்த்தீர்?"

"படையில் ஒவ்வொருவனும் செய்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். எது எங்கே பொருந்துகிறது என்று பார்த்தேன். அகழி வெட்டியவன் கிணறு வெட்டுகிறான். யானைக்குக் கவசம் பூட்டியவன் கோயில் யானையைப் பார்த்துக்கொள்கிறான்."

"இவன் என்ன செய்தான்?"

கொற்றன் பாறைக்கு அப்பால் நின்றிருந்தான். இளந்தேவர் குரலைத் தாழ்த்தினார்.

"சண்டை ஓய்ந்ததும், விழுந்து கிடக்கும் நம் ஆட்களிடம் போவான். நாடி பார்ப்பான். பிழைப்பானா மாட்டானா என்று முடிவு செய்வான். மாட்டான் என்றால் வலி தெரியாமல் முடித்துவிடுவான். ஒருமுறைகூட அவன் கணிப்பு தப்பியதில்லை."

"தப்பியிருந்தால் யார் வந்து சொல்வது?"

இளந்தேவர் விரல்விட்டு எண்ணினார்.

"இவன் வேலையைப் பிரித்தால் மூன்று துண்டு. முதல் இரண்டும் வைத்தியசாலைக்கு அப்படியே பொருந்துகின்றன தாயே. அங்கே ஆளும் போதவில்லை."

"மூன்றாவது?"

"கழித்துவிட்டேன்."

கந்தியார் கொற்றனை அழைத்தார்.

"அப்பா, இவர் நாடியைக் கொஞ்சம் பார்."

கொற்றன் இடது கையால் அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்தான். கண்ணை மூடினான். முகத்தில் உண்மையான கவலை இருந்தது. வலது கை மெல்ல இடுப்புக்குப் போனது.

அங்கே கத்தி இல்லை. நேற்றுதான் ஒப்படைத்திருந்தான்.

இளந்தேவர் கையை உருவிக்கொண்டார்.

"பழக்கதோஷம். கத்திதான் இல்லையே."

"வைத்தியசாலையில் இருக்கும்" என்றார் கந்தியார்.

"வேண்டாம் என்றால் இவனுக்கு எல்லைதான். அங்கே எதிரியின் ஆட்கள் இவனை உயிரோடு விடமாட்டார்கள்."

கந்தியார் கொற்றனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கொற்றன் வைத்தியசாலையில் சேர்ந்தான்.

ஐப்பசியில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. பதினோராம் நாள் இளந்தேவரை நினைவில்லாமல் தூக்கிவந்து, வாசலை ஒட்டிய படுக்கையில் கிடத்தினார்கள். அன்றைய முறை கொற்றனுடையது.