கரிச்சான் கிளப்பின பீதி

மலைக்காட்டுல கரிச்சான் குருவி ஒருத்தன் இருந்தான். மத்தவங்க குரல்ல பேசுறதுல பெரிய ஆளு. அவன் அகவினா மயிலே திரும்பிப் பாத்து, "யாரு, எங்க அத்தையா?"ன்னு கேக்கும்!

அந்தக் காட்டுல ஒரு எதிரொலிப் பாறை உண்டு. அங்க நின்னு பேசினா காடு முழுக்கக் கேக்கும். பின்னால நின்னா பேசுற ஆளு தெரியாது, குரல் மட்டும் வரும். "ஓடைக்கரை அத்தி பழுத்தாச்சு!", "புலி கிழக்க போகுது!"ன்னு எல்லாச் சேதியும் அங்கிருந்துதான்.

ஒரு நாள் காலையில கரிச்சானுக்குக் குறும்பு ஏறிடுச்சு. பாறைக்குப் பின்னால போனான். தொண்டையைக் கரகரன்னு ஆக்கிக்கிட்டு மரநாய் குரல்ல ஆரம்பிச்சான்.

"நேத்து உன் பின்னாலயே வந்தேன்... நீ ஒளிச்சு வச்சிருக்கறது எந்த மரத்துலன்னு பாத்துட்டேன்!"

யாருக்குச் சொன்னான்? யாருக்கும் இல்ல. சும்மா வீசிவிட்டான். ஆனா கேட்டவங்க எல்லாரும் தனக்குத்தான்னு நினைச்சாங்க! மலையணில் கொட்டையெல்லாம் வாயில அடைச்சுக்கிட்டு, கன்னம் புடைக்க மரம் மரமா ஓடுச்சு. ஒளிச்சு வைக்க ஒண்ணுமே இல்லாத மந்தி, அவளும் ரெண்டு தரம் திரும்பிப் பாத்தா. கரிச்சானுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, பட்ட மரத்து உச்சியில பெரிய அலகுக்கார இருவாச்சிப் பறவையைப் பாத்தான். அவரு ஒரு அத்திப்பழத்தைக் கால்ல மிதிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தாரு.

"என்னண்ணே, வீட்டுக்குப் போகலயா?"

"மெதுவாப் பேசு! மரநாய் என் பின்னால வருது. நானே போய் வீட்டைக் காட்டிக் கொடுக்கவா?"

"அப்ப அண்ணிக்குச் சாப்பாடு?"

இருவாச்சி காலடியில இருந்த பழத்தைக் குனிஞ்சு பாத்தாரு.

கரிச்சானுக்கு அப்பதான் உறைச்சுது. முட்டையிடப் போற இருவாச்சிப் பொண்ணு மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும். அலகு நுழையற கீறல் மட்டும்தான் பாக்கி. இறகெல்லாம் உதிர்ந்திருக்கும், பறக்கவும் முடியாது. வீட்டுக்காரர் கொண்டுவந்து ஊட்டினாத்தான் உண்டு.

"ரெண்டு நாளாவா போகல?"

"குஞ்சு பொரிச்சு ஒரு வாரம்தான் ஆகுது..."ன்னாரு இருவாச்சி.

"அண்ணே, அது நான்! விளையாட்டுக்குப் பேசினேன். உங்க வீடு எங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

"ஓ! என்னைக் கிளப்பிவிட்டுப் பின்னால வரப் பாக்குறியா? மரநாய் அனுப்புச்சா உன்னை?"

"ஐயோ, நான்தாண்ணே!" சொன்னதோட நிக்காம, அதே குரல்ல பேசியும் காட்டினான். அச்சு அசல்! இருவாச்சி பழத்தைக் கீழ விட்டுட்டாரு.

கரிச்சான் பாறைக்குப் பறந்தான். இந்தத் தடவை பின்னால போகல. எல்லாருக்கும் தெரியற மாதிரி உச்சியில ஏறி நின்னான்.

"அன்னிக்கு மரநாய் குரல்ல பேசினது நான்! எனக்கு யாரு வீடும் தெரியாது!"

"அடப் பாவி! திரும்பித் திரும்பிப் பாத்து என் கழுத்தே சுளுக்கிக்கிச்சுடா!"ன்னு மந்தி பாய்ஞ்சு வந்தா. "மரநாய் அஞ்சு நாளா ஆத்துக்கு அந்தப்பக்கம் தேனடையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்காம். இன்னிக்குத்தான் போய் என் கண்ணால பாத்தேன்!"

"அப்ப இவன் என் பின்னால வந்தா?"ன்னு அங்க பறந்து வந்த இருவாச்சி கேட்டாரு.

"நீங்க போய்ட்டு வர்ற வரைக்கும் முதுகைக் காட்டி உக்காந்திருக்கேன். மந்தியக்கா என் வாலைப் பிடிச்சுக்கட்டும்!"

மந்தி அவனோட நீள வாலிறகு ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சா. இருவாச்சி கிளம்பினாரு. அந்தப் பெரிய இறக்கைச் சத்தம் எந்தப் பக்கம் போகுதுன்னு தன் காதுக்குக்கூடத் தெரியக்கூடாதுன்னு, கரிச்சான் சொந்தக் குரல்ல கத்திக்கிட்டே இருந்தான். கேக்கச் சகிக்கல!

ரொம்ப நேரம் கழிச்சு இருவாச்சி திரும்பி வந்தாரு.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"அலகை நீட்டினா."

"குஞ்சு?"

"கத்துது." கிளையில அலகைத் தேச்சுக்கிட்டே, "நாளைக்கும் வந்து உக்காரு"ன்னாரு.

"வர்றேண்ணே."

குஞ்சு வெளிய பறந்து வர்ற வரைக்கும் ஒரு காலையும் தவறாம வந்து உக்காந்தான்.

அடுத்தவங்க பொத்திப் பொத்திக் காப்பாத்தறதைத் தொட்டு விளையாடாதீங்க, ஏன்னா நமக்கு ஒரு நொடிச் சிரிப்பு, அந்த வீட்டுல ரெண்டு நாள் பட்டினி.