திட்டுப் பிடிக்காத கபடி முயல்

ஒரு காட்டில் முயல்களுக்குக் கபடிதான் பிழைப்பு, குழந்தைகளே. ஆண்டுதோறும் மேட்டு முயல்களும் பள்ளத்து முயல்களும் மோதும். ஜெயிக்கும் அணிக்குக் கோடை முழுவதும் ஆற்றோரப் புல்வெளி சொந்தம். தோற்ற அணி காய்ந்த சருகைக் கடிக்க வேண்டியதுதான்.

மேட்டு அணியின் தலைவன் செவியன். எதிராளியைத் தொட்டுவிட்டு ஓடி வருவதில் அவனுக்கு இணை கிடையாது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் தப்பு செய்தாலும் காடே அதிரக் கத்திவிடும்.

ஒருநாள் பயிற்சியில் செவியன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

"திரும்பும்போது இடது பின்னங்காலை இழுக்கிறே! நேத்தே சொன்னேன். குளத்தைப் பத்துச் சுத்து ஓடு!" என்றது குருவி.

"மூணு பேரை அவுட்டாக்கினேனே, மாஸ்டர்!"

"அதனாலதான் பத்து. இல்லேன்னா இருபது."

செவியனுக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றாலும் திட்டு, ஜெயித்தாலும் திட்டு. அப்படியானால் நான் ஆடுவது நன்றாக இருக்கிறதா, மோசமாக இருக்கிறதா? இதையே யோசித்துக்கொண்டு ஓடியதில் எத்தனையாவது சுற்று என்பதும் மறந்துபோனது. பாவம், பதிமூன்று சுற்று ஓடிவிட்டான்.

"மாஸ்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்று முடிவு கட்டினான். மற்ற முயல்களையும் பேசிக் கரைத்து, குருவியை விரட்டிவிட்டான். அந்த இடத்துக்கு ஒரு கிளி வந்தது. செவியன் தும்மினால்கூட, "அபாரம்!" என்றது.

இறுதி ஆட்டம் வந்தது. எதிர்ப்பக்கம் பார்த்த செவியன் திடுக்கிட்டான். அவன் விரட்டிய குருவியைப் பள்ளத்து முயல்கள் தங்கள் பயிற்சியாளராக வைத்துக்கொண்டிருந்தன!

செவியன் பாடிச் சென்றான். இரண்டு பேரைத் தொட்டான். திரும்பும்போது ஒரு முயல் பாய்ந்து அவனது இடது பின்னங்காலைப் பிடித்துக்கொண்டது. மறுமுறையும் அதே கால். மூன்றாம் முறையும் அதே கால்தான். மேட்டு அணி தோற்றது. புல்வெளி கைவிட்டுப் போயிற்று.

செவியன் கிளியிடம் போனான். "நான் எப்படி ஆடினேன்?"

"அபாரம்!"

"அப்புறம் ஏன் தோத்தோம்?"

"அதுவும் அபாரம்!"

செவியனுக்குத் தலை சுற்றியது. நேரே குருவியிடம் ஓடினான்.

"மாஸ்டர், இந்தக் காலை எப்படித் திருத்துறது? திட்டியாவது சொல்லுங்க!"

குருவி அவனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தது.

"உன்னை நான் எதுக்குத் திட்டணும்? நல்லாத்தான் ஆடினே. அடுத்த வருஷமும் இப்படியே ஆடு, தம்பி!"

அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகுதான் செவியனுக்கு அழுகையே வந்தது.

நீதி: உன் தவறைக் கண்டித்துத் திருத்துபவரே உன் பக்கம் நிற்பவர்.