திருவை வெட்டிய செவ்வந்தி

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே மேனேஜர் திருமலை வைத்ததுதான் சட்டம். பெயரைத் தட்டினால் அதைச் சொல்லி வணக்கம் வைக்கும் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்த புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவ்வந்தியிடம் அவர் வந்து நின்றார்.

"பேருக்கு முன்னால வர்ற 'திரு' எல்லாம் வெறும் மரியாதை. ஒண்ணு விடாம வெட்டு!"

"சார், சில பேருக்குப் பேரே அப்படித்தான்..."

"எதிர்த்துப் பேசினா வேலை போயிடும்!"

செவ்வந்தி ஒன்று விடாமல் வெட்டினாள்.

மறுநாள் வாடிக்கையாளர்கள் கூடியிருக்க, மேனேஜர் மிடுக்காகத் தம் பெயரைத் தட்டினார். பெரிய திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: "வணக்கம், மலை!"

அவர் தொப்பையைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னம்மா இது?" என்று கத்தினார் மேனேஜர்.

"உங்க பேர்ல இருந்ததும் வெறும் மரியாதைதானே சார், வெட்டிட்டேன்."