ஒரு நாள்தானே

இசக்கி உலர்ந்த துணியால் இரும்பு அலமாரியின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஈரத்துணி ஆகாது. தண்ணீர் வாளி வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வயரைத் தொடக்கூடாது. வயருக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுத் தூசியை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு வருஷமாக அப்படித்தான் எடுக்கிறாள். இன்றைக்குத் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. ஐம்பத்தாறு வயது. மருத்துவமனையின் பழைய ரெக்கார்டு ரூமில் காகிதக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர். இன்னொருவர் ஜெசிந்தா மேடம். அண்ணாச்சியைவிடப் பதினாறு வயது இளையவர். காகிதம் ஒழிந்து கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணாச்சிக்கு இந்த வேலையை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக் கொடுத்தவர். அதனால் அண்ணாச்சி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அறையில் இரண்டு பெரிய பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் குடியிருக்கிறது என்று அண்ணாச்சி ஒரு தடவை இசக்கியிடம் சொல்லியிருந்தார். வெளியே பார்த்தால் ஒரே இரும்பு. உள்ளே மருந்துக்கடைக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று. ரத்த வங்கிக்கு மட்டும் மாற்றாளும் ஒன்று உண்டு. ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும்.

நேற்றுக் காலை பத்து பத்துக்கு முதல் பெட்டி படுத்தது. ரத்த வங்கிக் கம்ப்யூட்டர் போனது. மாற்றாளும் போனது. இரண்டும் அதே பெட்டிக்குள் இருந்தன.

டிஸ்க் அடுக்கிய தட்டில் விவரமெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்துக் காட்டத்தான் கம்ப்யூட்டர் இல்லை. இன்னொரு பெட்டியில் இடம் பண்ணி எழுப்ப நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷத்தில் பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. எந்த ரத்தப் பை அவளுக்குச் சேரும் என்று கையால் தேடினார்கள். பை கிடைத்தபோது அவள் இல்லை. பிள்ளை இருக்கிறது.

பத்து பத்துக்கு இந்த அறையில் துடைத்துக்கொண்டிருந்தது இசக்கி.

"பன்னெண்டு மணிக்கு ரிப்போர்ட் கேக்காங்க டீச்சர்," என்றார் அண்ணாச்சி.

"எழுதிட்டீங்களா?"

"பாதி."

"வாசிங்க."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலை பத்து பத்துக்கு அறையில் துப்புரவுப் பணி நடந்துகொண்டிருந்தது. அப்போது பணியாளரின் கை பட்டு மின்கம்பி இழுபட்டிருக்கலாம்."

இசக்கியின் துணி நின்றது.

"இழுபட்டுச்சா?"

"இழுபட்டிருக்கலாம்னுதானே போட்டிருக்கேன்."

"பெட்டிக்கு உள்ள இருக்கிற பவர் பலகை கருகிக் கெடக்கு அண்ணாச்சி. நீங்கதான் கழத்திக் காட்டுனீங்க."

"ஏன் கருகுச்சுன்னு யாரு கேக்கப் போறா?"

கை பட்டதா என்று இசக்கி நேற்றிலிருந்து நினைத்து நினைத்துப் பார்க்கிறாள். படவில்லை என்றுதான் ஞாபகம். ஆனால் படித்தவர்கள் எழுதுகிறார்கள் என்றால் பட்டிருக்குமோ என்றும் தோன்றியது. அந்தத் தாளில் அவள் ஏறினால் வேலை போகும். வேலை மட்டுமா. செத்தவளின் புருஷன் கீழே வாசலில் பத்துப் பேரோடு நிற்கிறான். அந்த வாசல் வழியாகத்தான் அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும்.

எழுந்து சொல்லலாம். என்னவென்று சொல்ல. அவள் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன் டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "திரையில பூராவும் பச்சைதானே எரிஞ்சுது? மூணு வாரமா தெனமும் பாத்தேன். ரத்த வங்கி, பச்சை. மாத்தாளு, பச்சை. எங்க தப்பாச்சு?"

"வேப்பிலையும் பச்சைதான்."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"மூணு வாரத்துக்கு முன்னால ரெண்டாவது பெட்டிக்கு ஃபேன் மாத்துனீங்க," என்றார் மேடம்.

"ஆமா. அதுல இருந்ததையெல்லாம் இந்தப் பெட்டிக்கு நகத்தி வச்சேன். ஒரு நாள்தானேன்னு."

"திருப்பி அனுப்புனீங்களா?"

"மத்ததையெல்லாம் அனுப்பினேன்." அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "மாத்தாளு இங்கயே நல்லாத்தான் ஓடுச்சு. பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ஊரு கடக்கரை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எங்க கரையில ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டு அண்ணன் தம்பி ஒரே வள்ளத்துல ஏறக்கூடாது. ஒருத்தன் வராட்டாலும் ஒருத்தன் வரணும். எங்க அப்பா ஒரு வள்ளம், சித்தப்பா ஒரு வள்ளம். ஒரு தடவை சித்தப்பா வள்ளத்துல தண்ணி ஏறுதுன்னு கரையில கவுத்திப் போட்டிருந்தாங்க. மீனு நல்லா வார நேரம். எங்க தாத்தா ரெண்டு பேரையும் அப்பா வள்ளத்துல ஏத்தினாரு. ஒரு நாள்தானேன்னாரு."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரியவன் போயாச்சான்னு கரையில கேட்டாங்க. போயாச்சு. சின்னவன் போயாச்சான்னு கேட்டாங்க. போயாச்சு. எத்தன வள்ளத்துலன்னு ஒருத்தரும் கேக்கல."

"வந்தாங்களா?"

"வள்ளத்துப் பலகை ஒண்ணு வந்துச்சு."

இசக்கி துணியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்குக் காலைல கரையில ஒரு பொண்ணு கருவாட்டுக் களத்தப் பெருக்கிட்டு இருந்தா. இடுப்புல கைக்குழந்தை. வள்ளம் எறங்குற நேரத்துக்குத் துடைப்பத்தோட எதிர வந்தான்னு பேச்சாச்சு. அவ எதிர வந்ததுதான் ரெண்டு உசிரையும் வாங்கிட்டுன்னு."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சொல்றாங்கன்னு அவளும் நம்பிட்டா. மூணாம் நாள் பிள்ளையத் தூக்கிட்டு ஊர விட்டுப் போயிட்டா. எங்க போனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"பாவம்," என்றார் அண்ணாச்சி. பிறகு கேட்டார், "மொதல்ல அவளக் கை காட்டுனது யாரு?"

"எங்க தாத்தா."

அண்ணாச்சி நிமிரவில்லை.

"வள்ளத்தத் தள்ளி விட்ட அதே கைதான்," என்றார் மேடம்.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீசு டீச்சர். தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

"தெரியும். பத்திரிகை வந்துச்சு."

"நான் என்னத்த எழுதட்டும்?"

"எழுதினத அப்படியே அனுப்புங்க. நான் கையெழுத்துப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு. பணியாளர்னு மொட்டையா எழுதாதீங்க. பேரக் கேட்டு எழுதுங்க. அந்தா அங்கதான் உக்காந்திருக்கு."

அண்ணாச்சி திரும்பினார். அலமாரி இடுக்கு வழியாக இசக்கி உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். ஒரு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். அவளுக்குக் கம்ப்யூட்டர் குடியிருக்கிற கதை சொன்ன மனுஷன்தான். பேர் தெரியாது.

"ஏ புள்ள. உம் பேரென்ன?"

அவள் எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி."

"இசக்கி."

அண்ணாச்சி விசைப்பலகையில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"நாங்க பேசினத எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

அவள் தலையை ஆட்டினாள்.

"கை பட்டுச்சா?"

"தெரியல சார். படலன்னுதான் இருந்தேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அண்ணாச்சிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "புள்ள இருக்கா?"

"ஏழு மாசம் சார். பொம்பளப் புள்ள."

"பேர மட்டுந்தானே கேக்கச் சொன்னேன் அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா மேடம்.

அண்ணாச்சி விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்திப் பிடித்தார். எழுதின வரியெல்லாம் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்துகொண்டே வந்தது. இசக்கிக்கு அதைப் படிக்கத் தெரியாது. வெள்ளையானது தெரிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடியே மறுபடி தட்டத் தொடங்கினார்.

"காலை பத்து பத்துக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் இருந்தன."

கதவு திறந்தது. சூப்பர்வைசர் மரகதம் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். "ஏட்டி இசக்கி, பிரசவ வார்டுல அந்தக் கட்டில் நேத்துலேருந்து அப்படியே கெடக்காம். வாளியத் தூக்கிட்டு வா."

இசக்கி துணியை எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. அது மெல்லச் சாத்திக்கொண்டு வருகிற இடைவெளியில், வாளிப் பிடியைக் கையில் பிடித்தபடி நின்ற அவளுக்கு அண்ணாச்சியின் குரல் கேட்டது: "அவற்றைப் பிரித்து வைக்காமல் மூன்று வாரம் விட்டுவைத்தவரின் பெயர்—" கதவு சாத்திக்கொண்டது.