இருக்கட்டும் என்று வைத்த தகடு

அந்த ஒளியியல் ஆய்வகத்தில் குருவைவிடச் சீடருக்குப் பதினான்கு வயது அதிகம். இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர் சங்கரலிங்கம். வழிகாட்டி ரோஸ்லின் அவரை 'சார்' என்பார். அவர் ரோஸ்லினை 'மேடம்' என்பார். மரியாதையில் இருவருக்கும் போட்டி.

பகல் மூன்று மணி. கறுப்புத் திரைச்சீலைக்குள் இருட்டு. ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, இரண்டு பாதைகளைக் கடந்து, கணினித் திரையில் புள்ளியாக விழுந்தன. முற்றத்தில் தூறல் போடுகிற மாதிரி. எந்தப் பாதையில் வந்தது என்று சொல்லவே முடியாதபோது புள்ளிகள் வரிவரியாகச் சேரும். ஒரு மாதமாக வரிகள் மங்கலாகவே வந்தன.

அந்த இருட்டு யாரையும் பேசவைத்துவிடும். சங்கரலிங்கம் வீட்டுக் கதையையும் சொன்னார். மனைவி கோமு வேலையிலிருந்து வந்ததும், பஸ்ஸை விட்டதிலிருந்து கீரைக்காரியிடம் சண்டை போட்டது வரை கொட்டித் தீர்ப்பாள். அதைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைய பொழுது நிறையும். போன மாதம் அவளுக்குப் புதுப் போன் வாங்கித் தந்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று தன் போனில் தெரியும்படி, அவளிடம் சொல்லாமல், ஒன்றைச் செய்துவைத்தார். இருக்கட்டும் என்றுதான். இதுவரை திறந்து பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கதையின் நடுவே 'எந்த ஸ்டாப்?' என்று கேட்கிறார். அவள் அதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

"எதையோ மறைக்கிறா மேடம். என்னை விட்டு விலகிடுவாளோன்னு பயமா இருக்கு. இன்னிக்குத் திறந்து பார்த்துடப் போறேன்."

ரோஸ்லின் டார்ச்சோடு மேசைமேல் குனிந்தார். ஒரு பாதையில் மட்டும் சின்னப் படிகத் தகடு ஒன்று, இருபத்தைந்து பாகை திரும்பி நின்றது. அதைக் கடக்கிற ஒளி, தான் வந்த வழிக்குக் கொஞ்சம் அடையாளம் சுமந்து வரும்.

"இதை யார் வச்சது?"

"நான்தான். வழி தெரிஞ்சா என்னைக்காவது உதவுமே, இருக்கட்டும்னு வச்சேன். ஆனா ஒருநாள்கூட அளந்து பார்த்ததில்லையே."

ரோஸ்லின் தகட்டை நாற்பத்தைந்துக்குத் திருப்பினார். வரிகள் கரைந்து திரை வெறும் சாம்பலாயிற்று.

"இப்போ எந்த வழின்னு முழுசாத் தெரியும். அளந்துக்கலாம்."

சங்கரலிங்கத்துக்கு அளக்கத் தோன்றவில்லை.

ரோஸ்லின் தகட்டைப் பூஜ்யம் பாகைக்குக் கொண்டுவந்தார். புள்ளிகள் மெல்லச் சேர்ந்தன. வரிகளுக்கு நடுவே கன்னங்கரிய இடைவெளிகள் திறந்தன. ஒரு மாதமாகச் சங்கரலிங்கம் பார்க்காத அழகு.

"ஒரேயடியா எடுத்துடணுமா மேடம்? ஒரு அஞ்சு பாகை மட்டும் வச்சுக்கலாமா? நான்தான் பார்க்கப் போறதில்லையே."

அவர் கை தகட்டின் பக்கம் போகவில்லை. சட்டைப்பையில் இருந்த போனைப் பிடித்திருந்தது.

"வச்சுக்கலாம் சார்," என்றார் ரோஸ்லின். "நீங்க பார்க்காட்டியும் கொஞ்சம் மங்கும். அப்புறம் வெளிச்சத்தைக் குறை சொல்லக்கூடாது."