ஆற்றில் போட்ட சலங்கை

சாத்தனுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவன் மேசையில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் பக்கத்து மேசையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது குழலியின் மேசை. அங்கே பலர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே ஆடினார்கள்.

இருவரும் ஒரே குருவிடம் கதையாட்டம் கற்றவர்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் திருடனாக, ராணியாக, ஓடக்காரனாக வேடமேற்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். சாத்தனின் ஆட்டத்தில் தும்மலுக்குக்கூட விதி உண்டு. குழலியிடம் ஒரே விதிதான்: பெரிய எண் விழுந்தால் நடந்தது, சின்ன எண் விழுந்தால் நடக்கவில்லை. அவ்வளவுதான்!

"ஒத்தை விதியை வச்சு ஊரையே வளைச்சுப் போட்டுட்டா ஐயா," என்று குருவிடம் பொருமினான் சாத்தன். "நான் மண்டையை உடைச்சு எழுதினதெல்லாம் வீணா?"

குரு அவன் மேசையில் வந்து உட்கார்ந்தார். "நான் ஓடக்காரன். ஆத்தைக் கடக்கிறேன்."

சாத்தனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. காற்றுக்கு ஒருமுறை உருட்டினான். துடுப்பின் வயதுக்கு உருட்டினான். ஓடக்காரன் காலையில் சாப்பிட்டானா என்பதற்கும் உருட்டினான். குரு கொட்டாவி விட்டார்.

"பகடை கவுத்துடுச்சு ஐயா. ஆனாலும் கடக்கலாம். ஓடத்துல இருக்கிறதுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை ஆத்துல போடணும்."

குரு நிமிர்ந்தார். வெகுநேரம் யோசித்தார். "மகளுக்கு வாங்கின சலங்கை," என்றார் மெல்ல.

"சரி. இப்போ ஈரத்துடுப்பு வழுக்குதான்னு பார்க்கணும்..."

குரு எழுந்து குழலியிடம் போனார். "ஆத்தைக் கடக்கிறேன்."

உருட்டினாள். "கடந்துட்டீங்க ஐயா!"

"திரும்பி வரேன்."

"வந்துட்டீங்க!"

"ஆத்துல தண்ணி இருந்துச்சாம்மா?"

குழலி திருதிருவென்று முழித்தாள். சாத்தனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

குரு அவனைத் தனியே அழைத்தார். "உன் விதியில ஒண்ணைக் குழலிக்குக் கொடேன். தும்மல்?"

"தாராளமா, ஐயா."

"காத்து? துடுப்பு?"

"எல்லாத்தையும் எடுத்துக்கட்டும்."

"என்னைச் சலங்கையை ஆத்துல போட வச்சியே, அது?"

சாத்தனுக்குப் பகீரென்றது. அதையும் அவள் வாங்கிக்கொண்டால் தன் மேசைக்கு எவன் வருவான்? "அது மட்டும் வேண்டாம், ஐயா," என்றான்.

"அப்போ அதை மட்டும் வச்சுக்கிட்டு ஆடு," என்றார் குரு.