பச்சை ஒளி அணைந்த பிறகு

“போகச் சொல்லிட்டேன் ருக்கையா. வாய் வலிக்கச் சொல்லிட்டேன். அவ போக மாட்டேங்கா.”

சொல்லிக்கொண்டே ஆவுடையம்மாள் ஆய்வுக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்தாள். மகளிர் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எதிரே நின்ற ருக்கையா அவளிடம் படித்த பெண். இப்போது இந்தக் கூடமே ருக்கையாவின் பொறுப்பு.

“யாரு, உலகம்மையா?”

“எனக்கு வேற யாரு இருக்கா?”

மகள் உலகம்மைக்குக் கௌஹாத்தியில் வேலை கிடைத்திருந்தது. பிரம்மபுத்திராவில் வெள்ளம் ஏறுவதை அளந்து சொல்கிற வேலை. சிறுமியாக இருந்தபோதே தாமிரபரணியில் குச்சி நட்டுவைத்துத் தண்ணீரோடு பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்காகவே செய்துவைத்தது போன்ற வேலை. நாளை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதப்போகிறாளாம்.

“ஏன் வேண்டாங்கா?”

“கேட்டா சிரிக்கா. எனக்கு இங்கேயே நல்லாத்தானே இருக்கு, உனக்கென்னங்கா.”

“நீங்க எப்படிச் சொன்னீங்க டீச்சர்?”

“எப்படின்னா? வாயாலதான்.”

“அப்போ கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?”

இப்படியொரு கேள்வியை ஆவுடையம்மாள் எதிர்பார்க்கவில்லை.

“தலை பின்னிக்கிட்டிருந்தேன்.”

“யாருக்கு?”

“அவளுக்குத்தான். முப்பது தாண்டியாச்சு, ஒரு வகிடு நேரா எடுக்கத் தெரியாது அவளுக்கு.”

ருக்கையா போய் விளக்கை அணைத்தாள். கணினித் திரையை ஒளிரவிட்டாள்.

“என்னட்டி இது, எனக்கே பாடமா? செல் பிரியறதை வருஷா வருஷம் நடத்தினவ நான்.”

“வெங்காய வேரை அமிலத்துல போட்டு, நசுக்கி, சாயம் ஏத்தி. நீங்க காட்டினது பூரா செத்த செல் டீச்சர். இது உயிரோட இருக்கு.”

“உன் நாக்கு மட்டும் மாறவே இல்ல.”

“நீங்க வளர்த்த நாக்கு.”

இருட்டில் ஒரு செல் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் விளிம்பு. உள்ளே, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு பச்சை.

“ஒரு நாள் பூரா எடுத்த படம். வேகமா ஓட்டுறேன்.”

பச்சை கூடியது. யாரோ திரியை மெல்ல மெல்லத் தூண்டிவிடுவது போல் கூடிக்கொண்டே வந்தது.

“என்ன அது?”

“சைக்ளின்.”

பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வருகிற புரதம். அந்த வரியை அவள் எத்தனையோ பெண்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதைக் கண்ணால் காண முடியும் என்று நினைத்ததில்லை.

“செல் தானாவே செஞ்சு தனக்குள்ள சேர்த்துக்கிடும். நாங்க ஒளி மட்டும்தான் ஏத்தினோம். இது நிறையாம செல்லுக்குப் பிரியற வேலையைத் தொடங்கவே தெரியாது. நேரமாச்சு, எழுந்திருன்னு சொல்றது இதுதான்.”

“தாய் மாதிரி.”

ருக்கையா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல் உருண்டையானது. உள்ளே குரோமோசோம் இழைகள் நடுவில் வந்து வரிசை கட்டி நின்றன. பச்சை தளும்பியது.

அணைந்தது.

“ஏட்டி, கரண்டு போயிட்டா?”

“இல்ல டீச்சர்.”

“பச்சையைக் காணோமே!”

“பாருங்க.”

ஒளியற்ற அந்தச் செல்லில் இழைகள் விலகின. இடை சிறுத்தது. இன்னும் சிறுத்தது. பிறகு இரண்டு செல்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

ஆவுடையம்மாள் இரண்டையும் பார்க்கவில்லை. பச்சை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார் அணைச்சா?”

“செல்தான். நேரம் வந்ததும் அதைத் துண்டு துண்டா உடைச்சிடும்.”

“அது என்ன பாவம் செஞ்சுது? அவ்வளவும் செஞ்சது அதுதானே?”

“ஆமா.”

யாரிடமோ கடன் கேட்பது போன்ற குரலில் ஆவுடையம்மாள் கேட்டாள்.

“அணையாம வச்சிருக்கக் கூடாதா?”

“வச்சுப் பார்த்தோம் டீச்சர்.”

ருக்கையா வேறொரு படத்தை ஓட்டினாள்.

“உடைக்க வர்றதுக்குப் பிடி கிடைக்காதபடி, இந்த சைக்ளினோட ஒரு நுனியை வெட்டிட்டோம். இது உடையாது.”

பச்சை கூடியது. நிறைந்தது. தளும்பியது. தளும்பியபடியே நின்றது.

இழைகள் கொஞ்சம் விலகின. அவ்வளவுதான். இடை சிறுக்கவில்லை. ஒன்றாகவும் இல்லாமல் இரண்டாகவும் ஆகாமல், அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் அந்தச் செல் காத்திருந்தது. காத்திருந்து காத்திருந்து, மெல்லச் சுருங்கியது.

“போதும்மா,” என்றாள் ஆவுடையம்மாள்.

ருக்கையா படத்தை நிறுத்தினாள். விளக்கைப் போடவில்லை. இருட்டில் டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“உடைஞ்ச துண்டெல்லாம் எங்கே போகும்?”

“எங்கேயும் போகாது டீச்சர். அங்கேயேதான் கிடக்கும். ரெண்டு செல்லும் அதை எடுத்துத்தான் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கிடும்.”

*

காலையில் உலகம்மை சீப்போடும் எண்ணெயோடும் வந்தாள். வழக்கம்போல் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“பதில் எழுதிட்டேம்மா. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

ஆவுடையம்மாள் எண்ணெய் தேய்த்தாள். வகிடு எடுத்தாள். கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். பின்னல் கழுத்தைத் தாண்டியது.

விரல்களைத் திறந்தாள்.

“என்னம்மா? கை வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன?”

எண்ணெய் மினுங்கும் இரண்டு கைகளும் ஆவுடையம்மாளின் மடியில் கிடந்தன.

பின்னல் அவிழத் தொடங்கியது. மகள் காத்திருந்தாள். வெளியே தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள்.

பிறகு மகளின் கைகள் பின்னால் வந்தன. தடவித் தேடின. ஒரு புரியைப் பிடித்தன, ஒன்றை நழுவவிட்டன, மறுபடி பிடித்தன. மிச்சக் கூந்தலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளே பின்னினாள். கோணலாக இருந்தது. தாய் தன் உள்ளங்கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நுனியில் ரப்பர் பேண்டைப் போட்ட மகள், திரும்பாமலே கேட்டாள்.

“அம்மா, இருக்கியா?”

“இங்கேதான் இருக்கேன்.”

உலகம்மை போனை எடுத்தாள். எழுதிவைத்திருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, கௌஹாத்தியில இப்போ குளிருமோ?”